தோஹாவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்ளுகிறா. அதனால்தான் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் எழுத்து உனக்குப் பழக்கம்தானே, ஆறுதலாக வாசி.

ஆரையம்பதியில் இன்னும் மழை இல்லை. சின்னம்மா வீட்டு வேலை கூரை மட்டத்தில் நிற்கிறது, மாரிக்கு முன் மூடிக் கொடுக்க வேண்டும். தங்கச்சி படிக்கிறாள். வேறு புதினம் இல்லை.

நான் உன்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக, வெள்ளிக்கிழமை இல்லாத நாளிலும் எங்களுக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு எடுக்கிறாய். அங்கே பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரமாக்கும் என்று அம்மா சொன்னா, நானும் ஓம் என்றேன். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 மட்டும் வெயிலில் வேலைக்கு விடமாட்டார்கள் என்று நீதான் சொல்லித் தந்தாய். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. பின்னால் மெஷின் சத்தம் ஒன்றும் இல்லை, ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. சரி, அது உன் விஷயம்.

பெரியப்பாவின் மகன் போன கிழமை வந்திருந்தான். ஆள் சப்ளை செய்கிற கம்பனிக்காரர், ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகளில் ஷட்டவுன் வேலை, அதுதான் ஆலையை நிறுத்தித் திருத்துகிற வேலை, முடிந்ததும் ஆட்களை றூமில் இருத்திவிடுவார்கள், அடுத்த வேலை வந்தால் கூப்பிடுவார்கள் என்று சொன்னான். றூமில் இருக்கிற மாதத்துக்குச் சம்பளம் எப்படி என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா தேத்தண்ணியோடு வந்துவிட்டா.

கொந்தராத்து வேலை எனக்குப் புதிதில்லை மகன். இந்திய வீட்டுத்திட்டக் காலத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். அதையும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. அத்திவாரத்தை வந்து பார்த்த பிறகுதான் அடுத்த காசு. அது வரும் வரைக்கும் வீட்டுக்காரர் என்ன செய்வார், வேலை நிற்கும். படுவான்கரையில் எத்தனை மேசன்மார் அப்படி வாசலில் குந்திக்கொண்டு இருந்தார்கள். நான் குந்தவில்லை. ஒரு வீடு கதவு நிலைக்கு மேலே லின்டல் மட்டத்துக்கு ஏறினவுடனேயே பக்கத்து வளவில் கதை கொடுத்துவிடுவேன். கையில் வேலை இருக்கும்போது கேட்கிறவனுக்கு ஒரு கூலி, கையை வீசிக்கொண்டு வருகிறவனுக்கு வேறு கூலி. இதை உனக்கு முந்தியும் சொல்லியிருக்கிறேன், நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய்.

அதனால் பேப்பர்களை எடுத்து வை. கொந்தராத்து, சம்பளம் வங்கியில் விழுந்த விவரம், சேப்டி கார்டுகள், எல்லாவற்றையும் படம் பிடித்துத் தங்கச்சிக்கு அனுப்பு. வேலை செய்ததற்கான கடிதம் கேள், கேட்டால் கம்பனி கொடுக்கத்தான் வேண்டும். ஒரு வருசம் முடித்தவனுக்கு வருசத்துக்கு மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் சேவைக்காசாக வரும், அதை விட்டுவிட்டு வெறும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைக்காதே. நீ வெட்கப்படுகிற பிள்ளை. கூலி கேட்கவே வெட்கம். அது என் பக்கத்துக் குணம் இல்லை, அம்மாவின் பக்கம்.

2020 இல் சட்டம் மாறின பிறகு கட்டாரில் பழைய கம்பனியின் என்ஓசி என்கிற சம்மதக் கடிதம் இல்லாமலே வேறு கம்பனிக்குப் போகலாமாமே. இரண்டு வருசத்துக்கு உட்பட்டவன் ஒரு மாதம் முந்தியும், அதற்கு மேலே என்றால் இரண்டு மாதம் முந்தியும் அறிவிக்க வேண்டுமாம். நீ இரண்டு மாதக் கணக்கில் வருவாய். உன்னோடு நின்ற பிலிப்பினோ ஃபோர்மன் வேறு கம்பனிக்கு மாறிவிட்டான் என்று தீபாவளிக்குச் சொன்னாயே, அவனுக்கு ஒரு மெசேஜ் போடு. எனக்குக் கிடைத்த நல்ல வேலையெல்லாம் என் பூச்சைப் பார்த்தவன் சொல்லி வந்த வேலைதான். முன்பின் தெரியாத ஏஜென்ட் உன் வயரிங்கைப் பார்த்தானா?

1,000 றியால் அடிப்படை, கம்பனி சாப்பாடு தராவிட்டால் அதற்கு 300, தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500, இது எல்லோருக்கும் உள்ள ஆகக் குறைந்த சம்பளம். கையாளுக்கும் அதுதான். நீ என்விகியூ 4 தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த எலெக்ட்ரீசியன், அதற்கு இறங்கிப் பேசாதே. அதற்காக நைட்டா என்கிற பயிற்சி அதிகாரசபையின் பரீட்சைக்குப் போன அன்று சோதிக்க வந்தவர் உன் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். நீ வீட்டில் சொல்லவில்லை. கூடப் படித்தவன்தான் சொன்னான். நல்லதையும் சொல்லமாட்டாய், கெட்டதையும் சொல்லமாட்டாய்.

சவுதிக்குப் போகலாம் என்றால் அதையும் யோசி. அங்கே 2030 இல் எக்ஸ்போ, 2034 இல் உலகக் கிண்ணம், கட்டட வேலை இருக்கும். ஆனால் விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று ஒருத்தன் சொன்னால் அவனோடு கதையை நிற்பாட்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், மறுகா எல்லை கடத்தி மியன்மாரில் மியாவடிப் பக்கம் அடைத்து வைத்த எங்கள் நாட்டுப் பிள்ளைகளை 2024 இல் மீட்டுக்கொண்டு வந்ததை நீயும் பார்த்திருப்பாய். அவர்களும் படித்த பிள்ளைகள்தான். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது, அந்த வேலைக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்தால் சொல்வார்கள். காசு முதலில் கேட்கிறவனை நம்பாதே. பேப்பர்களை எடுத்து வை.

இந்த மாதம் காசு அனுப்பாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. லோனுக்குச் சின்னம்மா வீட்டுக் கூலி வரும். அம்மாவின் காப்பைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம், அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். ஊரிலேயே வந்து நிற்கிறது என்றாலும் வா. மாரியில் எனக்கும் வேலை இராது, இரண்டு பேரும் வீட்டில் இருப்போம். ஊரில் வயரிங் வேலைக்கு ஆள் கிடைக்காமல் காத்தான்குடியிலிருந்து கூட்டி வருகிறார்கள். வெறுங்கையோடு வந்தான் என்று கதைக்கிறவன் கதைக்கட்டும், அவன் வீட்டு மதிலையும் நான்தான் கட்டினேன்.

தங்கச்சியை ஏசாதே, அவள் வாய் திறக்கவில்லை. உன் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் எடுக்கக் கொடுத்துவிட்டு மூலப்பிரதியைக் கடையிலேயே மறந்து விட்டுவிட்டாள், கடைக்காரர் என்னிடம் தந்தார். அது இப்போது என் பெட்டியில் இருக்கிறது. உனக்கு வேண்டுமென்றால் என்னிடம் கேள், தருவேன். கேட்கும்போது எந்த நாடு, ஏஜென்சியின் பெயர், அனுமதி இலக்கம், மூன்றையும் எழுதி அனுப்பு. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைக்கென்று இருக்கிற உத்தியோகத்தரிடம் திங்கட்கிழமை காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

அப்பா