"எனக்குப் பால் பிடிக்காது" என்று சொன்ன பிள்ளைகளுக்காக ஒரு படம் எடுங்கள்

அன்பான ஈழத்துத் திரைக் கலைஞர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தாய். சினிமா படித்தவள் இல்லை. பக்கத்தில் எங்கே திரையிடல் நடந்தாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருகிறவள். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். தட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளைப் பற்றி, தாய் தகப்பனும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்கக்கூடிய ஒரு முழுநீளப் படம் எடுங்கள்.

2022இல், நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது, மகளுக்கு ஒன்பது வயது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பள்ளிப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாதென்று அரசாங்கமே அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு அந்த வருடம் 195 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு பால்மாப் பைக்கற்றில் வந்து நின்றது. ஒரு நாள் மகள் சொன்னாள், "அம்மா, எனக்குப் பால் பிடிக்கேல்லை, வெறும் தேத்தண்ணி போதும்." நான் நம்பினேன். நம்புவது எனக்கும் சுலபமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொல்கிறாள்: "எனக்கு அப்பவும் பால் பிடிக்கும். சொன்னால் நீங்கள் கியூவில போய் நிப்பியள், அதுதான்." துருவலையை விட்டுவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏனென்றால் அவளுடைய வயதில் நானும் இதையே செய்திருக்கிறேன். 1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கிய பிறகு எங்கள் ஊருக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடை. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி எரித்த காலம். ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கைச் சுற்றி நாங்கள் நாலு பேர் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிற வேலை பிள்ளைகளுக்கு, செய்தி பெரியவர்களுக்கு. கை நோக நோகச் சுற்றினோம், நடுவில் ஒரு பாட்டாவது வராதா என்று. சவர்க்காரம் வாங்க முடியாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிவிடும். பள்ளிக்கூடச் சட்டைக்குக் காவல் இருந்ததும் நாங்கள்தான்.

அந்த நாட்களில் அம்மாவிடம் சொன்னேன், "எனக்கு இரவில படிப்பு ஏறுதில்லை, விடிய எழும்பிப் படிக்கிறன்." எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொன்ன பொய். அம்மா ஒன்றும் பேசாமல் விளக்கை ஊதி அணைத்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க இன்று அவர் இல்லை.

நான் கேட்கும் படம் இதைப் பற்றித்தான். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மறைப்பார்கள், பிள்ளைகளும் பெற்றவர்களிடம் மறைப்பார்கள். இரண்டு பக்கமும் அன்பினால்தான். 2022இல் எங்கள் பெரியவர்கள் ஒரு வசனத்தை அடிக்கடி சொன்னார்கள்: "நாங்கள் பார்க்காததா!" உண்மைதான், பார்த்தோம். ஆனால் பிள்ளைகள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். அந்த வசனத்துக்குப் பிறகு அவர்களால் எதைச் சொல்ல முடியும்?

ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 1997ஆம் ஆண்டுப் படமான 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன். புதிது வாங்க அப்பாவிடம் காசில்லை என்று இருவருக்கும் தெரியும். வீட்டுப்பாடம் செய்வதுபோல் பெற்றோருக்கு முன்னாலேயே கொப்பியில் எழுதி எழுதிப் பேசிக்கொள்வார்கள். அப்புறம் ஒரே சப்பாத்தை மாறி மாறிப் போட்டு ஓடுவார்கள். வறுமையைப் பற்றி அங்கே ஒருவரும் பிரசங்கம் செய்யவில்லை. கொப்பிக் காட்சி வந்தபோது மகள் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்த ஊரில், அவளுடைய பேச்சில் அப்படி ஒன்று அவளுக்கு வேண்டும்.

தயவுசெய்து பிள்ளைகளை அழவைத்துப் படமெடுக்க வேண்டாம். பெரியவர்களின் வசனத்தை அவர்கள் வாயில் திணிக்கவும் வேண்டாம். களவாடப்படாமல் இருக்கச் சங்கிலியால் பிணைத்து வைத்த காஸ் சிலிண்டர் வரிசையைப் பிள்ளைகள் எப்படிப் பார்த்தார்கள்? மண்ணெண்ணெய் கியூவில் கானோடு அப்பாவின் இடத்தைப் பிடித்து நின்றபோது என்ன விளையாடினார்கள்? அதைப் போய் அவர்களிடமே கேளுங்கள். மலையகத்துக்குப் போங்கள், மன்னாருக்குப் போங்கள். 2022 மார்ச் 22ஆம் திகதி, தட்டுப்பாடு தாங்காமல் 16 பேர் படகில் இராமேஸ்வரம் பக்கம் போய் இறங்கினார்கள். அதில் கைக்குழந்தையும் இருந்தது. கொழும்பில் அதே கியூவில் நின்ற சிங்களப் பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். எங்களுடைய பழைய இருட்டைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஒரு படம் வந்தால் கேட்பார்கள்.

காசு இல்லை என்பீர்கள். தெரியும். இந்தக் கதையில் வெடிக்க ஒன்றும் இல்லை, எரிக்க ஒரு வீடும் தேவையில்லை. ஒரு பழைய சைக்கிள், கொஞ்சம் பனம்பழம், ஒரு மாடு, நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பிள்ளைகள். படம் முடிந்ததும் பள்ளிக்கூட மண்டபங்களில் திரை கட்டிக் காட்டுங்கள். பாய் விரித்து உட்கார நாங்கள் வருவோம்.

அம்மாவின் ஜாம் போத்தல் விளக்கு இன்னும் எங்கள் குசினித் தட்டில் இருக்கிறது. அப்பாவின் சைக்கிளும் டைனமோவோடு இருக்கிறது. இரண்டையும் படப்பிடிப்புக்குத் தருகிறேன். பெடலைச் சுற்றிக்காட்ட ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். மகளும் ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்