நரம்புச் சுருட்டல் என்று நாமே முடிவு செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால் வலி என்று யார் சொன்னாலும் ‘நரம்புச் சுருட்டலாக இருக்கும்’ என்று சொல்லிவிடுகிறோம். தோலுக்கடியில் நீலமாகப் புடைத்து நெளிவது நரம்பே அன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை அது. இதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. இவ்விரண்டையும் பிரித்தறியாததால் என் அண்ணன் வலது காலில் இரண்டு விரல்களை இழந்தார்.

பதினைந்து ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். சிகரெட் பழக்கமும் இருந்தது. பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு நடக்கையில் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சற்று நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தொலைவில் பிடிக்கும். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பலன் தந்ததென்று கேட்டு, இறுக்கமான காலுறை ஒன்றை மருந்துக் கடையில் நாங்களே வாங்கி மாட்டிவிட்டோம். மூன்றே வாரத்தில் சுண்டுவிரல் கறுத்தது.

சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் பழுதானால், மேலேற வேண்டிய இரத்தம் கீழே தேங்கிக் கால் வீங்கும்; மாலையில் கனக்கும்; காலை உயர்த்தி வைத்தால் இதமாக இருக்கும்; புண் வந்தால் பெரும்பாலும் கணுக்காலின் உட்புறத்தில் வரும். தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களிடம் இதைக் காணலாம். அவர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று 2021-இல் தமிழகத்தில் சட்டத் திருத்தமே வந்தது. இந்நோய்க்குக் காலுறை உதவும். தமனி அடைப்போ நேர்மாறானது. பாதம் சில்லிடும், புண் விரல் நுனியிலோ குதிகாலிலோ தோன்றும், முற்றிய நிலையில், படுத்தால் வலி கூடி, காலைத் தொங்கப் போட்டால் குறையும். வருகிற கொஞ்ச இரத்தத்தையும் இறுக்கமான காலுறை தடுத்துவிடும். அண்ணன் இரவெல்லாம் கட்டிலோரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததன் பொருள் அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

மேல்பாதத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பு என்று கொள்வார்கள்; நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு நாளச் சுவர் இறுகி இக்கணக்கு தவறக்கூடும் என்பதால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படும். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித் துறையே இயங்குகிறது. (ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நாள் கடத்தாமல் ஓட வேண்டும், உள்சிரையில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.)

சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாத நாடியைப் பார்க்க வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் இறுக்கமான காலுறையைத் தர வேண்டாமென்று மருந்துக் கடைகளுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பெரம்பூர், சென்னை – 11