நரம்பு ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளி ஒருவர் பாதம் எரிகிறது, கால் மதமதவென்று இருக்கிறது என்று சொன்னாலே, உடனே ‘நரம்பு ஊசி’ போட்டுவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஐந்து ஊசி, பத்து ஊசி என்று கணக்குப் பேசுகிறார்கள். ஊசியில் என்ன மருந்து இருக்கிறது, எதற்காகப் போடுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. அதில் இருப்பது பி12 வைட்டமின்; சிலவற்றில் பி1, பி6 வைட்டமின்களும் கலந்திருக்கும். தேவைப்படுபவருக்கு இது நரம்பைக் காப்பாற்றும் மருந்து. தேவை பார்க்காமல் போட்டால் உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

சர்க்கரைக்காக வருடக்கணக்கில் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ஈரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே வெளியே தெரியாது. பெரும்பாலும் நாலைந்து வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். தினம் 2,000 மி.கி. வரை சாப்பிடுபவர்கள், முட்டை, மீன், இறைச்சி தொடாதவர்கள், நெஞ்செரிச்சலுக்காக ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளை விடாமல் விழுங்குபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பி12 குறைவது மெட்ஃபார்மினின் பரவலான பக்கவிளைவுதான் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மருத்துவர்களை எச்சரித்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மெட்ஃபார்மினை நிறுத்திவிட வேண்டாம். அது நல்ல மருந்து. பி12 அளவைக் கண்காணித்தால் போதும்.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் பி12 குறைபாடும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கைவிரல்களும் சீக்கிரமே மரத்துப்போவது, இருட்டில் நடக்கும்போது தள்ளாடுவது, முகம் கழுவக் கண்ணை மூடினால் நிலை தடுமாறுவது, நாக்கு வழவழப்பாகி எரிவது, மறதி கூடுவது போன்றவை இருந்தால் பி12 குறைவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பாதிப்பும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. பி12 குறைந்தால் ரத்தசோகையும் வரலாம்; ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதால் பி12-உம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் சோகை சரியாகிவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

ஆகவே முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்தாக வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்தால் அளவு எகிறி நிற்கும், குறைபாடு இருந்ததா இல்லையா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. பொதுவாக மில்லி லிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அங்கே, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தின் பரிசோதனை உதவும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த அமிலம் தானாகவே கூடியிருக்கும் என்பதை மருத்துவர் கணக்கில் கொள்வார். பி12 சோகை இருப்பவர்களுக்கு மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதைப் பார்த்துச் சர்க்கரை மருந்தைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் போய் நிற்கும்.

குறைபாடு உறுதியானால், பி12-இன் ஒரு வடிவமான சயனோகோபாலமின் ஊசி 1,000 மைக்ரோகிராம் ஓரிரு வாரம் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்றாக ஒரு மாதம், அதன்பின் மாதம் ஒன்று என்பது பரவலான முறை. இன்னொரு வடிவமான மெத்தில்கோபாலமினுக்கு 500 மைக்ரோகிராம் வாரம் மூன்று முறை என்பது ஜப்பானில் அங்கீகரிக்கப்பட்ட அளவு. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும். நடையில் தள்ளாட்டமோ பெரிய சோகையோ இல்லையென்றால், தினம் 1,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையே பலருக்கும் போதும். அந்த அளவில் கொடுக்கும்போது நூற்றில் ஒரு பங்கு மருந்து குடல் வழியே தானாக உள்ளே போய்விடுகிறது.

நான் அதிகம் கவலைப்படுவது பி1, பி6, பி12 கலந்த ஆம்பூல்களை (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பிகளை)ப் பற்றித்தான். இவற்றில் பி6 என்ற பைரிடாக்சின் 100 மி.கி. வரை இருப்பதுண்டு. ஒரு நாளைத் தேவை 2 மி.கி.கூட இல்லை. குறுகிய காலத்துக்கு, காரணத்தோடு போட்டால் கெடுதல் இல்லை. ஊசியும் போட்டு, அதே பி6 உள்ள ‘சத்து மாத்திரை’களையும் மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த பி6 சத்தே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். அறிகுறி என்ன தெரியுமா? கால் எரிச்சல், மதமதப்பு, தள்ளாட்டம். நோய் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் பத்து ஊசி போடுவார்கள். ஆம்பூல் அட்டையையும் மாத்திரைப் பட்டையையும் பக்கத்தில் வைத்து பி6 மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க வேண்டியது மருந்தாளுநரின் கடமை.

போடும் விதத்திலும் கவனம் வேண்டும். மெத்தில்கோபாலமின் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும், அதனால்தான் பழுப்புக் கண்ணாடியில் வருகிறது. போடும் நேரத்தில்தான் உடைக்க வேண்டும். சிரிஞ்சில் ஏற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கக் கூடாது. வலி தெரியாமலிருக்க லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்த ஆம்பூலை ரத்தக்குழாயில் ஏற்றக் கூடாது. பி1-ஐ நேராக ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும். தசையில் போடுவதே நல்லது. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும், ஒவ்வாமைக்கு அவசர மருந்தான அட்ரினலின் ஆம்பூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புட்டத்தின் நடுவில் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு காயப்படலாம். இடுப்பின் பக்கவாட்டுத் தசையோ தொடையின் வெளிப்புறமோ பாதுகாப்பு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தசைக்குள் ரத்தம் கட்டும் என்பதால் பி12-ஐத் தோலுக்கடியில் போடலாம். குளுக்கோஸ் பாட்டிலில் சிவப்பு நிற பி12 மருந்தைக் கலந்து ஏற்றுவதைக் கைவிட வேண்டும். 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது.

சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். கனடாவில் சர்க்கரை சிறுநீரக நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், அதிக அளவு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு இன்னும் வேகமாகக் குறைந்தது.

பி12 சரியாக இருந்தும் எரிச்சல் இருந்தால் ஊசியை நம்பிப் பயனில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், பிரிகாபலின், டுலாக்செடின் போன்ற நரம்பு வலி மருந்துகளும்தான் வழி. ஊசி எதுவுமே போடாமல் எரிச்சல் தானாகக் குறைந்து கால் மரத்துப்போனால் அதைக் குணம் என்று எண்ணக் கூடாது. உணர்வு போய்விட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். அந்தக் காலில்தான் செருப்புக் கடித்ததுகூடத் தெரியாமல் புண் வரும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நான்கு வருடத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை பி12 பரிசோதனையையும், அதிர்வை உணர்கிறாரா என்று பார்க்கும் இசைக்கவையும், தொடு உணர்வைப் பார்க்கும் மோனோஃபிலமெண்ட் என்ற மெல்லிய நைலான் இழையும் கொண்டு பாதச் சோதனையையும் அதில் சேர்க்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியின் கைப்புத்தகத்தில் ஊசியின் பெயர், பி6 அளவு, போட்ட தேதி மூன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால், இரண்டு இடத்தில் வைத்தியம் பார்ப்பவருக்கு ஒரே ஊசி இருமுறை விழாது.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.