ஏப்ரலில் வந்து வாய்க்காலைப் பார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சம்பா அறுப்பு முடிந்து ரோடெல்லாம் வைக்கோலாகக் கிடக்கிறது. கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை போய்வருவதற்குள் சட்டையெல்லாம் தூசி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் நகரச் சூழலியல் படிப்பைப் பற்றி நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தாவரவியல்காரர்கள் உன்னைச் சமூகவியல் ஆள் என்கிறார்கள், சமூகவியல்காரர்கள் செடிகொடி ஆள் என்கிறார்கள், நகரமைப்புத் துறையில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற ஆட்டோகேட் வருமா என்று கேட்கிறார்கள் என்றாய். ஆய்வேட்டுக்கு இரண்டு பேராசிரியர்கள், ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்றும் சொன்னாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் படிப்புக்கும் நம் தஞ்சாவூருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பாட்ரிக் கெடிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். டண்டீயில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். 1914இல் சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து இங்கே வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் படங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்டதே, அதே எம்டன்தான். பொல்லாத ஆளைப் பார்த்தால் உன் தாத்தா "சரியான எம்டன்" என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? மனுஷர் அசரவில்லை. மறுபடியும் படங்களைச் சேர்த்து 1915 தொடக்கத்தில் சென்னையிலேயே கண்காட்சி வைத்தார்.

அப்புறம் ஊர் ஊராக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேராகத் தெரு போடுவதுதான் அந்தக் காலத்து வழக்கமான யோசனை. இவர் அதை ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அங்கங்கே சின்னத் திறந்தவெளி விட்டு, மரம் வைத்தால் போதும் என்றார். மலேரியா பயத்தில் குளங்களைத் தூர்க்கச் சொன்ன காலத்தில், குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விடுங்கள், கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்று எழுதினார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகவும் ஆனார். செடி படித்தவர் ஊர் கட்டப் போய்ச் சமூகவியல் சொல்லிக்கொடுத்தார். உன்னை எந்தத் துறை என்று கேட்கிறவர்களிடம் இவர் பெயரைச் சொல்லிப் பார்.

பெர்லின் கதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுவர் எழுப்பி மேற்கு பெர்லினை அடைத்த பிறகு, சூழலியல்காரர்களுக்கு வெளியே போய்க் காடு மேடு பார்க்க வழியில்லை. ஹெர்பர்ட் சுக்கோப்பும் கூட இருந்தவர்களும் போரில் இடிந்த மனைகளில் என்ன முளைக்கிறது என்று எழுதிவைத்தார்கள். அந்த இடிபாடுகளில் சீனாவிலிருந்து வந்த அய்லாந்தஸ் மரம் தானாக முளைத்தது என்றாய். நம் ஊர் பீநாறி மரத்துக்கு அது பங்காளியாம், தேடிப் பார்த்தேன்.

இந்த இரண்டு கதையிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். அவர்கள் எந்தத் துறை என்று முதலில் முடிவு பண்ணவில்லை, எந்த இடம் என்று முடிவு பண்ணினார்கள். உன் குழப்பம் உனக்கு இன்னும் இடம் கிடைக்காததால் வருகிறது என்று நினைக்கிறேன்.

நான் ஒரு இடம் சொல்கிறேன். நம் தெருவுக்குப் பின்னால் போகிற வாய்க்கால்.

சர்வேயர் கண்ணால் முதலில் சொல்கிறேன். கிராம நிலங்களின் கணக்கான அ பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. புல வரைபடத்தில் நல்ல அகலத்தோடு ஓடுகிறது. தரையில் போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் தாண்டியே குதிக்கலாம். ஒரு தரம் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்தது, ஒரு முனை மழுங்கிச் சோப்பு ஏறி. "எங்க மாமியார் காலத்துலேருந்து இங்கதான் சார் கெடக்கு" என்றார் அந்த அம்மாள். பொய்யில்லை, கல்லும் நகரவில்லை. கொல்லைதான் கல்லைத் தாண்டி நகர்ந்திருந்தது.

இனி உன் கண்ணால் பார். மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். ஆகவே ஏப்ரலில் அந்த வாய்க்காலில் ஓடுவது காவிரித் தண்ணீர் இல்லை. முழுக்க ஊர் விடுகிற தண்ணீர். வாய்க்கால் நெடுக ஆகாயத்தாமரை ஒரே மாதிரி இருக்காது. சில இடத்தில் மட்டும் காலை வைத்தால் தாங்கும் போலக் கெட்டியாக மண்டிக் கிடக்கும். சாக்கடையில் வருகிற நைட்ரஜனும் பாஸ்பரசும் அதற்குத் தீனி என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அது மண்டுகிற இடத்துக்கு மேலே எங்கோ ஒரு குழாய் விழுகிறது. அந்தக் குழாய் யாருடையது, எப்போது போட்டது, ஏன் யாரும் கேட்கவில்லை என்பதற்குச் செடியிடம் பதில் கிடையாது. தெருவில் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே சமூகவியல் வந்துவிட்டது. வாய்க்கால் குறுகியது எப்போது என்று கேட்டால் என் பழைய வரைபடம் வேண்டும். கரையில் நிற்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு தண்ணீரை எவ்வளவு மறிக்கிறது என்றால் பொறியாளர் வேண்டும். எந்தத் துறை தேவை என்று வாய்க்காலே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

அதற்காக எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாதே. அப்படிப்பட்டவர்களை ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஃபைல் நகராது. நில அளவையில் காணாமல் போன கல்லைக் கண்டுபிடிக்க, குறைந்தது இரண்டு அசையாத கல்லாவது கையில் இருக்க வேண்டும். உனக்குத் தாவரவியல் ஒரு கல், பி.எஸ்சி.யில் அடித்துப் பதித்தது. இரண்டாவதாக, ஆட்களிடம் பேசி எழுதுகிற வேலையை முறையாகக் கற்றுக்கொள். ஆட்டோகேட் தெரிந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பேராசிரியர்கள் இருவரிடமும் தனித்தனி ஆய்வு பேசாதே. ஒரே கேள்வியை இருவரிடமும் கொடு: இந்த வாய்க்காலில் இந்த இடத்தில் மட்டும் ஆகாயத்தாமரை ஏன் இப்படி மண்டுகிறது? செடிக்காரர் அவர் வழியில் சரிபார்க்கட்டும், மற்றவர் அவர் வழியில். சண்டை வந்தால் அதையும் எழுதிவை, அது ஒரு அத்தியாயம்.

வருவதானால் ஏப்ரலில் ஒரு தடவை, தண்ணீர் வந்த பிறகு ஜூலையில் ஒரு தடவை வா. டிக்கெட் போடும் முன் சொல். புல வரைபட நகலுக்கு மனு போட்டு வாங்கிவைக்கிறேன், உடனே கொடுத்துவிட மாட்டார்கள். 2028இல் மகாமகம் வருகிறது, அதற்கு முன்பு இங்கே நிறையத் தோண்டுவார்கள், பூசுவார்கள். முந்தைய நிலையை இப்போதே எழுதிவைப்பது நல்லது. தண்ணீர் மாதிரி எடுக்க பாட்டில் அங்கிருந்து கொண்டுவர வேண்டுமா, இங்கே கிடைப்பது போதுமா என்பதையும் கேட்டு எழுது.

அம்மா உனக்கு மாவடு போட ஜாடி கழுவிவைத்திருக்கிறாள். பெட்டியில் எவ்வளவு கிலோ விடுவார்கள் என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா