மண்வாசனை எங்கே வீசியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த செராமிக் சிற்பக் கண்காட்சி விமர்சனத்தை இரண்டு தடவை படித்தேன். "மண்வாசனை வீசும் அழகிய பொம்மைகள், வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கும்" என்று முடித்திருக்கிறார் உங்கள் விமர்சகர். அங்கே இருந்தவை 1,250 டிகிரியில் சுட்ட ஸ்டோன்வேர், அதாவது கல்லாக இறுகிய மண் சிற்பங்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அவை குடிக்காது. வாசனை எங்கிருந்து வீசியதோ! குறைந்த சூட்டில் வெந்த பானை மண்ணாக இருந்தாலாவது, நனைத்து முகர்ந்து பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இருபது வருடமாக மண் பிசைகிறவள் நான். அந்தக் கண்காட்சியில் என் வேலை எதுவும் இல்லை, ஆகவே சொந்தக் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். (சொந்தக் கோபமும் உண்டு, வருகிறேன்.) ஈரத்தில் 60 சென்டிமீட்டர் உயரம் இருந்த ஒரு குன்றுச் சிற்பம், காய்ந்து சுட்டு வெளியே வரும்போது 53 ஆகிவிடும். சூளை ஆறும்போது 573 டிகிரிக்குப் பக்கத்தில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் இரண்டு மாத உழைப்பு விரிசலோடு வெளியே வரும். பொம்மையாம்!

ஒருமுறை, விலைக்கு வாங்கும் மண் வேண்டாம் என்று, சின்ன வயதில் ஓடித் திரிந்த ஆற்றங்கரையில் தோண்டிய மண்ணாலேயே அந்தக் கரையைச் சிற்பமாகச் செய்தேன். 1,000 டிகிரியில் சுட்டேன். நன்றாகத்தான் வந்தது. மூன்று வாரம் கழித்து ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. குழியின் நடுவில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. சல்லடைக்குத் தப்பிய சுண்ணாம்புக் கல், சூளையில் வெந்து, காற்றின் ஈரத்தை இழுத்து உப்பியிருக்கிறது. அன்று வெறுங்காலில் குத்திய அதே கல். ஒட்டுப்போட மனம் வரவில்லை, அப்படியே விட்டேன்.

அதன் படத்தை உங்கள் பத்திரிகை எப்படிப் போட்டது, ஞாபகம் இருக்கிறதா? வீட்டு அலங்காரப் பக்கத்தில், தலைகீழாக, 'பூச்சாடி' என்ற குறிப்போடு. திருத்தம் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. சரி, பெரிய பத்திரிகை, ஆயிரம் வேலை இருக்கும்.

1993இல் சிற்பி ஆன்டனி கோர்ம்லிக்காக இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊர்க்காரர்கள் செங்கல் மண்ணைப் பிடித்துப் பிடித்து ஏறக்குறைய 40,000 உருவங்கள் செய்ததும், அடுத்த வருடம் அவருக்குக் கலைக்கான டர்னர் பரிசு கிடைத்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த 40,000த்தையும் எந்த வரவேற்பறையில் வைக்கலாம் என்று விமர்சகரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓவியம் என்றால் 'கித்தானில் எண்ணெய் வண்ணம்' என்று அளவோடு தவறாமல் போடுகிறீர்கள். மண் சிற்பத்துக்கும் உயரம், அகலம், என்ன மண் என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், எது மேல் எது கீழ் என்று செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
'பூச்சாடி' செய்தவள்