ஜன்னலடித் திண்ணை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசாரி அண்ணனுக்கும், கீழ் வீட்டு ஐயாவுக்கும், தையல் அக்காவுக்கும், எங்கள் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும்,

மயிலாப்பூர் வீட்டு ஹாலில், ஜன்னலுக்கு அடியில், ஐந்தடி நீளத்துக்குத் திண்ணை தயாராகிவிட்டது. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அதன் அடிப்பெட்டியில் தசாவதார செட்டும் செட்டியார் கடையும் மரப்பாச்சியும் இருப்பது சொன்னால்தான் தெரிகிறது.

இத்தனை வருஷமும் அம்மாவின் கொலு பொம்மைகள் பரணில்தான் இருந்தன. முழங்கால் வலியோடு அவர் ஸ்டூல் மேல் ஏறும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். இனி அவர் ஏற வேண்டாம். நன்றி சொல்ல எனக்கு முதல் காரணம் இதுதான்.

ஐயா, நீங்கள் தடுத்திருக்காவிட்டால் மரவேலை அன்றைக்கே தொடங்கியிருக்கும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்ததும், ஒரு பாலிதீன் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனீர்கள். மறுநாள் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர். ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது என்று காட்டி, வெளியே ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரிசலை அடைக்க வைத்தீர்கள். சுவர் காயும்வரை காத்திருந்தோம். கொலு முடிந்து பொம்மைகளைக் கட்டி வைக்கிற சமயத்தில்தான் சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் பிடிக்கும். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரம்தான் எமன்.

ஆசாரி அண்ணா, உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. திண்ணை என்றால் வழக்கமாக 18 அங்குல உயரம் வைப்பார்கள். நீங்கள் அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து அவருடைய முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் பிடித்தீர்கள். மெத்தையோடு சேர்த்து 17 போதும் என்றீர்கள். அம்மா இன்று எழுந்திருக்கும்போது கையை ஊன்றுவதில்லை.

பலகைக்கு, தண்ணீர் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்தான் என்று பிடிவாதமாக நின்றீர்கள். மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான தர விதி என்று நீங்கள் சொன்னபோதுதான் விலை வித்தியாசம் எனக்குப் புரிந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டீர்கள். வீடு துடைக்கும் தண்ணீர் ஏறாமலிருக்க அடியில் கடப்பாக்கல் துண்டுகளை வைத்தீர்கள்.

மூடியை ஒரே பலகையாகப் போடாமல் மூன்றாகப் பிரித்தது பெரிய உபகாரம். ஒரு பெட்டியைத் திறக்க ஒரு மெத்தையைத் தூக்கினால் போதும். சுவரோரம் மூன்று அங்குலப் பட்டையை நிலையாக அடித்து, அதில் கீலை மாட்டியதால் மூடி நன்றாகப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, கை மேல் விழாது. கைப்பிடிக்குப் பதிலாக அரைவட்டமாக வெட்டி, பேரன் விரலில் சிலாம்பு ஏறக் கூடாது என்று உப்புத்தாளை விரலில் சுற்றி நீங்கள் தேய்த்துக்கொண்டே இருந்ததை மறக்க மாட்டேன். அந்த ஓட்டை வழியாக உள்ளே காற்றும் போகிறது.

அப்புறம் தையல் அக்கா. உறைக்கு ஜிப் வைத்துத் துவைக்க வசதி செய்தீர்கள். பழைய வேட்டிகளை நீளவாக்கில் கிழித்து ஓரம் அடித்தும் கொடுத்தீர்கள், கூலியே வாங்காமல். ஒவ்வொரு பொம்மையும் இப்போது அந்தத் துணியில்தான், வசம்புத் துண்டோடு, தூங்குகிறது.

கார் நிறுத்துமிடத்தில் பலகை அறுக்க இடம் கொடுத்தவர்களுக்கும், கைக்குழந்தை இருந்தும் டிரில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட எதிர் வீட்டுத் தங்கைக்கும், மரத்தூளைக் கூட்டி அள்ளிய வாட்ச்மேன் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி.

நவராத்திரிக்கு எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். ஆசாரி அண்ணா, நீங்கள் முதல் நாளே வந்துவிடுங்கள். படி கட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்க உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.