இந்திர லால் ராயைப் பெட்டிச் செய்திக்குள் அடைக்காதீர்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முதல் உலகப் போர்ப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கைகொடுத்தது எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியதைச் சொன்னால், "எங்கள் தாத்தாவை எல்லாரும் எம்டன் என்பார்கள் ஐயா" என்று ஒரு பிள்ளையாவது எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு போர் ஐரோப்பாவுக்குப் போய்விடும். பிள்ளைகளின் கவனமும் எங்கோ போய்விடும்.

பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து சென்ற போர் அது. அந்தப் போரில் விமானம் ஓட்டிய இந்திர லால் ராய்க்கு இடம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஓரத்தில் வண்ணக் கட்டம் கட்டி, "இந்திய விமானப் போர்வீரர்" என்று ஒரு வரி எழுதி நிறுத்தினால் போதாது. அப்படி எழுதுவதைவிட எழுதாமலே விட்டுவிடலாம்.

இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவன். தந்தை பியாரி லால் ராய் பாரிஸ்டர். தாய் லோலிதா, லண்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த 1911ஆம் ஆண்டு ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு சென்றவர். வீட்டில் பையனை 'லாடி' என்று கூப்பிட்டார்கள். படித்தது லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில். வசதியான வீட்டுப் பிள்ளை என்பதை மறைக்க வேண்டாம். பஞ்சாப் கிராமத்திலிருந்து பதுங்குகுழிக்குப் போன சிப்பாயின் கதை வேறு, இது வேறு.

பறக்கப் போகிறேன் என்று பிரிட்டிஷ் வான்படையிடம் போய் நின்றவனை, கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் தன் மோட்டார் சைக்கிளை விற்றுப் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் போனான். அவர் கொடுத்த சான்றிதழ் முடிவை மாற்றியது. 1917 ஜூலையில் அதிகாரியாக நியமனம். அக்டோபர் இறுதியில் பிரான்சில் 56ஆம் படைப்பிரிவு. டிசம்பர் 6 அன்று விமானம் தரையில் மோதியது. இறந்துவிட்டான் என்று பிணவறையில் கிடத்திவிட்டார்கள் என்றும், நினைவு திரும்பியவன் உள்ளிருந்து கதவைத் தட்டினான் என்றும், வெளியே இருந்தவர் பயத்தில் திறக்க மறுத்தார் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் இந்த ஒரு கதைக்காகவே பாடத்தை இரண்டாம் முறை படிப்பார்கள். ஆசிரியராக எனக்கு அது போதும்.

உடல் தகுதியில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த பின்பும் விடாமல் முறையிட்டு, 1918 ஜூனில் 40ஆம் படைப்பிரிவில் சேர்ந்தான். ஓட்டியது எஸ்.இ.5ஏ விமானம். ஒருவர் மட்டுமே அமரும் வண்டி, மூடியில்லாத இருக்கை. இயந்திரத் துப்பாக்கி ஒன்று முன்னால், இன்னொன்று மேல் இறக்கையின் மீது. மேலே இருந்ததில் குண்டு தீர்ந்தால் அதை வளைந்த தண்டவாளத்தில் கீழே இழுத்து, வட்டமான குண்டுப் பெட்டியைக் கழற்றி, புதியதை மாட்டி, மறுபடி மேலே தள்ள வேண்டும். ஓட்டுவதும் சுடுவதும் இதைச் செய்வதும் அதே இரண்டு கைகள். முகத்தில் அறையும் காற்றில், எதிரி முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது! பாரசூட்டும் கிடையாது; அன்றைய பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை.

பதின்மூன்று நாட்களில் ஒன்பது எதிரி விமானங்களை வீழ்த்தினான் என்கிறது அவனுக்குக் கிடைத்த விருதின் குறிப்பு. பின்னாளில் எண்ணியவர்கள் பத்து என்கிறார்கள். இரண்டு, தோழர்களோடு பங்கிட்டவை. பாதி, கட்டுப்பாடிழந்து கீழே போவதைப் பார்த்து எண்ணிக்கொண்டவை. இதையும் எழுதுங்கள். வான்போர்க் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்த பிள்ளை, நாளை எந்தப் போர்ச் செய்தியையும் கொஞ்சம் நிதானித்துப் படிக்கும். 1918 ஜூலை 22 அன்று பிரான்சின் கார்வான் பகுதியின் மேலே ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் இந்திர லால் வீழ்ந்தான். வயது பத்தொன்பது. அந்தச் செப்டம்பரில்தான், வான்போர் வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான டி.எஃப்.சி. பதக்கம் அறிவிக்கப்பட்டது.

இனித்தான் நீங்கள் தயங்கும் இடம். பையன் உயிரைக் கொடுத்தது ஆங்கிலப் பேரரசுக்காக. அவனைச் சுதந்திரப் போராட்ட வீரர்கள் வரிசையில் உட்கார வைத்தால் அது பொய். வெள்ளையருக்குச் சேவகம் செய்தவன் என்று ஒதுக்கினால் அது சோம்பேறித்தனம். போருக்கு ஆள் சேர்க்க 1918இல் காந்தியே கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார். இந்தியர் உயிரைக் கொடுத்தால் உரிமை வரும் என்று பலரும் நம்பிய காலம் அது. வந்தது 1919 மார்ச்சில், விசாரணையில்லாமல் சிறை வைக்க வழிசெய்த ரௌலட் சட்டம்; ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை. பையன் விழுந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. இந்தத் தேதிகளை ஒரே பக்கத்தில் வையுங்கள். அவன் செய்தது சரியா என்ற கேள்வியைப் பாட இறுதியில் போட்டு, விடையை நீங்கள் எழுதாமல் விடுங்கள். என் வகுப்பில் அந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளை போதாமல் போயிருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள். அவனைத் தனியாக நிறுத்தாதீர்கள். தலைப்பாகைக்கு மேல் மாட்டிக்கொள்ளும்படி தனியாகத் தலைக்கவசம் செய்வித்துப் பறந்த ஹர்தித் சிங் மாலிக்கும் அதே வானில் இருந்தார். உயிரோடு திரும்பிய அவர் பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் தூதரானார்.

படம் ஒன்றுக்கு இடமிருந்தால், 1998இல் அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலை வேண்டாம். பிரான்சில் எஸ்தேவெல் என்ற சிற்றூர் இடுகாட்டில் அவன் கல்லறை இருக்கிறது. "மாவீரனின் சமாதி; மரியாதை காட்டு, தொடாதே" என்று வங்க மொழியில் அதில் பொறித்திருக்கிறார்கள். அந்த வங்க எழுத்துகள் தெரியும்படி படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்